பயத்தை மறைக்கத் தெரியாதவர்

என் மகளை இந்த வருடம் பாலர் பள்ளியில் சேர்த்தோம். முதல் வாரம் முழுவதும் அவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, நான் என் காரில் அந்த வேனுக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். அவள் கண்ணில் படாதபடி நடுவில் ஒரு வண்டியை விட்டுத்தான் போனேன். அவள் இறங்கிப் பள்ளிக்குள் நுழைந்த பிறகு காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வார முடிவில் என் கணவர் கண்டுபிடித்துவிட்டார். எங்களுக்கு மலை மேல் திரிங்காப்பில் பூத்தோட்டம். பூப்பெட்டிகளை ஏற்றிய லோரியில் எதிரே வந்தவர், கியா பார்ம் கடைகளுக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்து லைட் அடித்தார். அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்ததும், "நீ வேன் மாமா மாதிரியே ஆயிட்ட லா," என்றார்.

நான் சிரித்தேன். அவரும் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவில்லை. அது ஏச்சா, பாராட்டா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் அந்த வேன் மாமாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

நானும் என் கணவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்துப் பிள்ளைகளை டவுனில் இருந்த தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போன வேன் அவருடையது. பிள்ளைகள் எல்லாரும் அவரை வேன் மாமா என்றுதான் கூப்பிட்டோம். நல்ல உயரம், அகன்ற தோள், இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. கோயில் வாசலில் நிற்கும் காவல் சாமிக்குச் சட்டை மாட்டி அனுப்பியதைப் போல இருப்பார். அந்த மீசைக்குப் பின்னாலிருந்து, "எனக்குப் பயமா இருக்கு, கொஞ்சம் நிப்போம்," என்று ஒரு குரல் வரும். முதல் தடவை கேட்கிற யாரும் அவர் விளையாடுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

அவர் விளையாடவில்லை. அவர் அளவுக்குப் பயந்த ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை, கண்ணாடியில் தவிர.

அவருக்கு ஒரே மகள். அந்த அக்காவுக்கு மலைக்குக் கீழே பீடோரில் மாப்பிள்ளை பார்த்து, கல்யாணமும் அங்கேயே என்று பேசி முடித்தபோது, வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். பெண்ணைப் பெற்ற அப்பன் கல்யாணத்துக்குப் போய்ச் சேருவாரா? ஏனென்றால் வேன் மாமா மலையை விட்டு இறங்க மாட்டார். தாப்பாவுக்கு இறங்கும் அந்த வளைவுப் பாதை அவரால் ஆகாது. இன்னொருவர் ஓட்டும் வண்டியிலும் ஏற மாட்டார். "ஸ்டேரிங் என் கையில இல்லன்னா எனக்கு மூச்சு வராது லா," என்பார். தோட்டத்திலிருந்து டவுன், டவுனிலிருந்து தோட்டம். அவருடைய உலகம் அவ்வளவுதான்.

தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வரும் பாதை தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பார். வளைவுக்கு முன்னால் அடிப்பார், வளைவில் அடிப்பார், எதிரே யாருமில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு தடவை அடிப்பார். மேலே கொழுந்து வெட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் எங்களைப் பார்க்காமலேயே நாங்கள் எந்த வளைவில் இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். பெரியவர்கள் அவருக்கு வைத்த பெயரே ஹாரன்தான். ஞாயிற்றுக்கிழமை கோப்பிக் கடையில் அவர் போய் உட்கார்ந்தால் யாராவது ஆரம்பிப்பார்கள்.

"என்னா ஹாரன் அண்ணே, நேத்து ஒங்க வேன ஒரு நத்தை முந்திகிட்டுப் போச்சாமே."

"போவட்டும்யா. அதுக்கென்ன, பொண்டாட்டியா புள்ளையா?"

கடையே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். கோப்பி ஆறுகிற வரைக்கும் காத்திருந்து, விரலை விட்டுப் பார்த்து, அப்புறம்தான் குடிப்பார்.

காலையில் பனிமூட்டம் இறங்கினால் எங்களுக்குக் கொண்டாட்டம். எதிரே வருவது தெரியாது என்ற நிலை வந்ததும் வண்டியை ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லா விளக்கையும் போட்டுவிடுவார். எங்களைத் திரும்பிப் பார்த்து அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்வார். மூட்டம் கலைந்து, பாதையோரத்து வெள்ளைக் கோடு தெரிந்த பிறகுதான் கிளம்புவோம். அதற்குள் பள்ளியில் தேசிய கீதம் முடிந்திருக்கும். ஒரு நாள் தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க இது, வாரத்துல பாதி நாளு லேட்டு?"

"மூட்டம் சார்."

"மத்த வேனெல்லாம் வந்திருச்சே. அந்தப் பாதையில மூட்டம் இல்லையா?"

"இருந்திருக்கும் சார். அவங்களுக்குப் பயம் இல்ல போல. எனக்குப் பயமா இருந்துச்சு, நின்னுட்டேன்."

டயர் பஞ்சர் என்றிருந்தால் தலைமையாசிரியர் திட்டியிருப்பார், பொய் என்று தெரிந்தால் இன்னும் கூடத் திட்டியிருப்பார். பயமாக இருந்தது என்று ஒரு மீசைக்காரர் நேராகச் சொன்னால் அதற்கு என்ன பதில் இருக்கிறது? "சரி, உள்ள போங்க," என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

எங்கள் வீட்டிலும் பயம் இருந்தது. அதை யாரும் அந்தப் பெயரில் கூப்பிடவில்லை. என் அப்பாவுக்குப் பயம் வந்தால் கோபமாக வெளியே வரும். அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தாமதமாக வந்தால் அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். அம்மாவுக்குப் பயம் வந்தால் வேலையாக மாறும். கழுவின பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவுவார். எனக்கு வந்தால் வயிற்று வலி. மூன்று பேரும் மூன்று விதமாகப் பயந்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை. மழை பெய்கிறது, குடை எடுத்துக்கொள் என்பதைப் போலப் பயத்தைச் சொன்னவர் அந்த ஒருவர்தான்.

பள்ளி விட்டு வரும்போது என் இறங்குமிடத்தில், தோட்ட வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டு நாய் படுத்திருக்கும். கறுப்பு நாய், ஒரு காது கிழிந்தது. ஒரு நாள் வேன் கதவு திறந்தும் நான் இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னம்மா, வவுத்து வலியா?"

தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"நாயா?"

அழுகை வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கீழே இறங்கி ஒரு கல்லை எடுத்திருப்பார்கள். அவர் கதவை இழுத்துச் சாத்தினார். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஆட்டியும் பார்த்தார்.

"எனக்கும் அதுகிட்ட பயம்மா. ரெண்டு பேரும் இங்கயே இருப்போம். அதுக்குப் பசிச்சா எழுந்து போவும்."

இருந்தோம். அவர் தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். நாய் எழுந்து சோம்பல் முறித்து, மெதுவாக மேட்டுப் பக்கம் போன பிறகு நான் இறங்கினேன். வயிற்று வலி இல்லை.

அதற்குப் பிறகு அந்த வேனில் ஒரு பழக்கம் வந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. பள்ளிக்குப் போகும்போது ஒவ்வொருவராக அன்றைக்கு எதற்குப் பயம் என்று சொல்வோம். கணக்குச் சோதனை, பல் டாக்டர் வருகிறார், அப்பா நேற்றுக் குடித்துவிட்டு வந்தார். எதற்கும் அவர் தைரியம் சொன்னதில்லை. "ஆமாம்மா, அது பயந்தான்," என்பார். அவ்வளவுதான். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஏன் போதுமானதாக இருந்தது என்று இப்போது யோசித்தாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அவர் பயந்ததில் ஒரு காரணம் இருந்தது, ஒரு நாள் அவர் பயமே எல்லாரையும் காப்பாற்றியது என்று வரும் என எதிர்பார்க்க வேண்டாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்மேடு. பெரிய மழை பிடித்தால் அது சரிந்துவிடும் என்று, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்விடுவார். போகிற வழியில் எங்கள் கதவையும் தட்டுவார். நாங்கள் போனதில்லை. மறுநாள் காலை பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் திரும்பி வரும்போது, மேடு அப்படியே இருக்கும். அவர் மனைவியை நாங்கள் அத்தை என்போம். அத்தை அந்த மேட்டைப் பார்த்து, "நீயாச்சும் ஒரு தடவ சரிஞ்சு தொலையேன், இந்த மனுசனுக்கு மரியாதையாவது கெடைக்கும்," என்பார். அந்த மேடு இன்றைக்கும் இருக்கிறது. யாரோ அதில் மரவள்ளி நட்டிருக்கிறார்கள்.

அவர் பயந்த எதுவும் நடக்கவில்லை. ஆனால் பயந்ததால் வேறு சில விஷயங்கள் நடக்காமல் போயின. அதையும் சொல்ல வேண்டும்.

அக்கா நன்றாகப் படித்தவர். ஈப்போவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. தோட்டத்துப் பெண்களில் அது பெரிய விஷயம். வேன் மாமா அவரைப் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தபோதுகூட, "போவட்டும்மா, அதுக்குப் பயம் இல்ல. எனக்குத்தான். அதுக்காகப் புள்ளைய நிறுத்த முடியுமா?" என்று அம்மாவிடம் சொன்னார். துணிமணி எல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் எவ்வளவு பயமாக இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். போகவேண்டிய வாரத்தில் அக்கா பெட்டியிலிருந்து துணியை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டார். தோட்ட ஆபீசில் சின்னக் கிராணியாக, கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தார்.

"அவரு கதவ மூடலதான்," என்று அம்மா சொன்னார். "ஆனா வாசப்படியில ஒக்காந்து ஒருத்தரு நடுங்கிகிட்டு இருந்தா, அவரத் தாண்டி யாரு போவா?"

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன். நான் என் மகளிடம் பயத்தைக் காட்டுவதில்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றி நான் படித்த எல்லாமும் அப்படித்தான் சொல்கிறது: தாயின் பதற்றம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் சிரித்தபடி கையாட்டி வேனில் ஏற்றுகிறேன். பிறகு ஒளிந்துகொண்டு பின்னால் போகிறேன். வேன் மாமா ஒளிக்கவில்லை, அவர் மகள் படிக்கப் போகவில்லை. நான் ஒளிக்கிறேன், என் மகள் என்ன செய்யாமல் போவாள்? போன வாரம் அவள் வயிறு வலிக்கிறது என்று சொன்னாள். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றுமில்லை என்றார்கள்.

ஒரு மனிதரின் ஒரு குணத்தை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது போலிருக்கிறது. என்னோடு வேனில் உட்கார்ந்து நாய் போகும் வரை காத்திருந்ததும், அக்காவின் பெட்டியைத் திறக்க வைத்ததும் ஒரே பயம்தான்.

ஆபீஸ் வேலைக்காக அக்கா கார் லைசென்ஸ் எடுத்தார். ஆபீஸ் வண்டியை டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போய் வருவார். வேன் மாமா அதற்கும் தடை சொல்லவில்லை. அக்கா திரும்பி வரும் வரைக்கும் வாசலில் நின்றுகொண்டிருப்பார். மகள் ஓட்டும் வண்டியில் ஒரு தடவை கூட ஏறியதில்லை.

பிறகுதான் பீடோர் சம்பந்தம் வந்தது. வேன் மாமா மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒன்றுதான் கேட்டார்: கல்யாணத்தைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம், மழை விட்டிருக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார். அதனால் ஐப்பசியைத் தாண்ட வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஐப்பசியில் எங்கள் மலையில் எப்படி மழை பெய்யும் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

அப்படியானால் இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பிவிடலாம் என்றார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் சாயங்காலம் சொந்த வீட்டில் பெண்ணுக்கு நலங்கு வைக்க வேண்டும். விடிந்ததும் தோட்டத்து மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பெண் வாசல் தாண்ட வேண்டும். எங்கள் தோட்டத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் போனார்கள்.

"நலங்கு வெக்காம பொண்ண மூட்ட கட்டித் தூக்கிட்டுப் போவச் சொல்றீங்களா?"

"இல்ல, மூட்டமா இருந்தா..."

"மூட்டம் இல்லாத நாளு எது இங்க? என்னக் கட்டிக்கிட்ட அன்னிக்கும் மூட்டந்தான்."

கோப்பிக் கடையில் விடுவார்களா? "தாரை வார்க்க யாருண்ணே வருவா, நீங்களா, ஒங்க ஹாரனா?" என்று கேட்டார்கள். அந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "நான் வந்துருவேன்யா. வரணும்," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேனை எடுத்துக்கொண்டு தனியாகப் போக ஆரம்பித்தார். முதலில் ரிங்லெட் வரைக்கும். அடுத்த வாரம் ரிங்லெட்டைத் தாண்டி ஒரு வளைவு. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். திரும்பி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். வழியில் பார்க்கிற எல்லாரிடமும் அதைச் சொல்வார். "இன்னிக்கி அந்தச் சின்ன அருவி வரைக்கும் போனேன்." கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது கூடச் சேர்த்துச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்களா என்று நினைவில்லை. நான் சிரிக்கவில்லை, எனக்கு அப்போது பத்து வயதுதான், ஆனால் அவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

கல்யாணத்தன்று காலை உறவுக்காரர்கள் எல்லாரும் வாடகை பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். வேனில் அக்கா, அத்தை, என் அம்மா, நான், இன்னும் சில பெண்கள், சீர்த்தட்டுகள். வேன் மாமா வெள்ளைச் சட்டை, வேட்டியோடு ஸ்டேரிங்கில் உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம். நேரம் நிறைய இருந்தது.

ரிங்லெட் வரைக்கும் நன்றாகத்தான் போனோம். அவருடைய ஞாயிற்றுக்கிழமை வளைவுகளையும் தாண்டினோம். அத்தை கூட, "பரவால்ல, மாப்பிள்ள வந்த நேரம்," என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஓர் இடத்தில் மேலிருந்து மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. மிச்சப் பாதியில் ஒவ்வொரு வண்டியாகத்தான் போக முடியும். அவர் பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கி நின்றார். கீழேயிருந்து ஒரு பெரிய லோரி ஏறி வந்து எங்களை உரசுவது போலக் கடந்து போனது. வேன் லேசாக ஆடியது. பாதை காலியானது. அவர் வண்டியை எடுக்கவில்லை.

"ஏங்க, லோரி போயிருச்சு," என்றார் அத்தை.

"தெரியுது."

"அப்ப எடுங்க."

"எனக்குப் பயமா இருக்கு."

"அது எப்பவும் இருக்கறதுதான. எடுங்க."

"எப்பவும் கொஞ்ச நேரத்துல போயிரும். இப்ப போவல."

அவருடைய கைகள் ஸ்டேரிங்கில் இருந்தன. காத்திருந்தோம். நாய் எழுந்து போனதைப் போல அதுவும் போய்விடும் என்று நான் நினைத்தேன். பின்னால் வந்த வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், யாரிடமும் மணி சொல்லவில்லை. ஒரு பெண், வருகிற காரை நிறுத்திக் கேட்கலாமே என்றார்.

"வாரவன் போறவன் காடியில கல்யாணப் பொண்ண அனுப்பறதா?" என்று அத்தை கத்தினார். "அதுக்குக் காய்கறி லோரியில கோபிஸோட கோபிஸா ஏத்தி விடலாம். ஏங்க, ஒங்களத்தான். ஒரே ஒரு புள்ள. ஒரே ஒரு நாளு. எனக்காக எடுங்க." கத்திக்கொண்டே வந்தவர் கடைசி வார்த்தையில் அழுதுவிட்டார்.

"முடியல," என்றார் அவர். அவர் கண்ணிலும் நீர் இருந்தது. "எனக்கே அசிங்கமா இருக்கு. முடியல."

அவர் வாயில் அசிங்கம் என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன். அதுவரை பயம் அவருக்கு அப்படி இருந்ததில்லை.

பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா இறங்கினார். பச்சைப் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. அம்மா குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினார். அக்கா சுற்றி வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நவுருங்கப்பா. நான் எடுக்கறேன்."

"அடியே," என்றார் அத்தை. "கல்யாணப் பொண்ணு வண்டி ஓட்டறதா? பாக்கறவங்க என்னா சொல்லுவாங்க?"

"இங்க யாரும்மா பாக்கறா? கொரங்குதான் பாக்குது."

வேன் மாமா நகரவில்லை. அத்தை பேசியது அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. மகளையே பார்த்தார்.

"பயமா இருக்காம்மா?"

அக்கா இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அப்பாவைத் தேற்றவும், நேரத்துக்குப் போகவும் அந்த ஒரு சின்னப் பொய் போதும் என்று நினைத்திருப்பேன்.

"இருக்குப்பா," என்றார் அக்கா. "காலு நடுங்குது."

"ரொம்பவா?"

"ரொம்பத்தான்."

அவர் மூச்சை விட்டார். "அப்ப சரி," என்று சொல்லி, பக்கத்து சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

இல்லை என்று அக்கா சொல்லியிருந்தால் வேன் மாமா கடைசி வரைக்கும் நகர்ந்திருக்க மாட்டார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பயம் இல்லாதவர் ஓட்டும் வண்டியில் அவரால் எப்படி உட்கார முடியும்?

அக்கா சேலையை முழங்கால் வரைக்கும் இழுத்துச் செருகிக்கொண்டார். வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றினார். வேனை அவர் அதற்கு முன் ஓட்டியதில்லை. முதல் தடவை எஞ்சின் அணைந்தது, இரண்டாவது தடவை நகர்ந்தது. நான் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மண் சரிந்த இடத்தை வேன் ஊர்ந்து கடந்தது. கடந்த பிறகு அடுத்த வளைவு வந்தது. அக்காவின் இரண்டு கையும் ஸ்டேரிங்கை இறுக்கிக்கொண்டிருந்ததால், வேன் மாமா பக்கத்திலிருந்து கையை நீட்டி ஹாரன் அடித்தார். அடுத்த வளைவிலும் அடித்தார். அப்படியே தாப்பா வரைக்கும் மகள் ஓட்ட, அப்பா ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். இடையில் ஒரு தடவை அவர், "மெதுவா," என்றார். இதை விட மெதுவாக ஓட்டினால் வேன் பின்னால் போகும் என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கீழே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தாப்பாவைத் தாண்டியதும் ஒரு கடைக்குப் பக்கத்தில் அக்கா வேனை நிறுத்தினார்.

"இனிமே நேர் ரோடுதான்ப்பா. நீங்க வந்து ஒக்காருங்க. நான் ஓட்டிட்டு வந்து எறங்குனா நல்லா இருக்காது."

இருவரும் இடம் மாறினார்கள். அம்மா அக்காவின் சேலை மடிப்பைச் சரி செய்தார், பூவை மறுபடி குத்திவிட்டார். அத்தை எங்களைத் திரும்பிப் பார்த்தார். "வேனுக்குள்ள நடந்தது வேனோட போச்சு. சம்பந்தி வீட்டுல ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது." என் பக்கம்தான் கையை நீட்டிச் சொன்னார். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

கோயில் மண்டபத்து வாசலில் நாங்கள் இறங்கியபோது உள்ளே நாயனச் சத்தம் கேட்டது. முகூர்த்த நேரம் ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலிலேயே நின்றார். வெகு நேரமாக நின்றிருக்க வேண்டும். தட்டில் சூடம் ஏற்றப்படாமல் இருந்தது. கனத்த உடம்பு, கண்டிப்பான முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு வலித்தது.

"மேல மண்ணு சரிஞ்சிருக்குன்னு பஸ்ஸுல வந்தவங்க சொன்னாங்க," என்றார். "அதுலயும் பத்திரமா ஓட்டிட்டு வந்துட்டீங்களே, சம்பந்தி. ஒங்களுக்குத் தைரியந்தான்."

அத்தை வேன் மாமாவின் முதுகில் கிள்ளியதை நான் பார்த்தேன்.

"நான் ஓட்டலீங்க," என்றார் வேன் மாமா. "ரிங்லெட்டு தாண்டிக் கொஞ்ச தூரந்தான் நானு. அப்புறம் பயம் வந்திருச்சு, கை ஓடல. அங்கேருந்து தாப்பா வரைக்கும் எம்பொண்ணுதான் ஓட்டிச்சு."

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா தலையைக் குனிந்தார்.

"அதுக்கும் பயம்தாங்க," என்று அவர் தொடர்ந்தார். தன் மகள் எப்படிப்பட்டவள் என்று எடுத்துச் சொல்ல அதுதான் சரியான இடம் என்பதைப் போல, நிதானமாகச் சொன்னார். "காலு நடுங்குதுன்னு சொல்லிட்டுத்தான் ஸ்டேரிங்கத் தொட்டுச்சு. நடுங்கிக்கிட்டேதான் வந்துச்சு. ஆனா வந்து சேத்துருச்சு."

மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மருதாணிச் சிவப்பின் மேல், வியர்த்த கையில் ஸ்டேரிங்கின் பழைய ரப்பர் கறுப்பாக ஒட்டியிருந்தது. தன் பட்டு முந்தானையின் நுனியை எடுத்து அதைத் துடைத்தார். அழுத்தித் துடைத்தும் முழுதாகப் போகவில்லை.

"இருக்கட்டும்," என்றார். "வாம்மா, நேரமாச்சு."

அந்தக் கையை விடாமலே அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.